முதுமையில் பி.எம்.ஐ.: அளப்பதும் படிப்பதும்

எடையும் உயரமும் பார்த்த கையோடு மருத்துவமனையில் எழுதித் தரப்படும் பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீட்டெண்) என்ற எண்ணை, முப்பது வயதுக்காரருக்குப் படிப்பது போலவே எழுபத்தைந்து வயதுக்காரருக்கும் படித்துவிடுவதால்தான் முதியவர்களின் எடையைப் பற்றி வீடுகளில் பெரும்பாலான குழப்பம் உண்டாகிறது. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சற்றுப் பருமனாக இருக்கிறார் என்பதற்காக அரை வயிற்றோடு வைப்பதும், மாதாமாதம் மெலிந்துகொண்டே வரும் இன்னொருவரை அளவான உடம்பு என்று மெச்சுவதும் அதே எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அந்த எண்ணைப் பிழையின்றி எடுப்பது எப்படி, எடுத்தபின் எவற்றோடு சேர்த்து வைத்துப் படிப்பது என்பதை இங்கே பார்க்கலாம். முதியவரின் எடையில் எண் எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம் என்பது என் கருத்து. கீழே வருபவை யாவும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

எண்ணும் அதன் வரம்பும்

உடல் நிறைக் குறியீட்டெண் என்பது, கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 64 கிலோ எடையும் 160 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒருவருக்கு, 1.6-ஐ 1.6-ஆல் பெருக்க 2.56 வரும், 64-ஐ 2.56-ஆல் வகுத்தால் விடை 25. பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830-களில் மனிதர்களின் உடலளவுகளை ஆராய்ந்தபோது, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதைக் கண்டார். அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸும் அவருடைய சகாக்களும் 1972-இல் இந்த அளவுக்கு இன்றைய பெயரைச் சூட்டினர். கெட்லே தேடியது பெருங்கூட்டத்தின் சராசரியை. தனி ஒருவரின் உடல்நலத்தைக் கணிக்க அவர் இதை வகுக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த எண்ணிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பது விளங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வகைப்பாட்டில் 18.5-க்குக் கீழ் இருந்தால் எடைக் குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை அதிக எடை, 30-உம் அதற்கு மேலும் உடற்பருமன். ஆசிய வழித்தோன்றல்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் தலைகாட்டுவதால், 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்கத் தொடங்கவேண்டிய எல்லைகளாகக் கொள்ளலாம் என்று அதே நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2004-இல் தெரிவித்தது. இந்த எல்லைகள் அனைத்தும் இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒன்றாகவே போடப்பட்டவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உயரத்தை மறுபடியும் அளந்து பாருங்கள்

பெரும்பாலானோர் தங்கள் உயரத்தை இளமையில் ஒருமுறை அளந்து, அதையே ஆயுள் முழுவதும் சொல்லிவருகிறார்கள். ஆனால் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் வற்றுவதாலும், எலும்புகள் நெருக்குண்டு தட்டையாவதாலும், முதுகு வளைவதாலும் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் முதுமை ஆய்வின்படி, முப்பது வயதிலிருந்து எழுபது வயதுக்குள் ஆண்களுக்குச் சராசரியாக 3 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 5 சென்டிமீட்டரும் உயரம் குறைகிறது. எண்பது வயதில் இந்த இழப்பு முறையே 5, 8 சென்டிமீட்டர் ஆகிறது. உயரம் வகுக்கும் எண்ணாக, அதுவும் வர்க்கமாக நிற்பதால், உடம்பில் ஒரு கிராம்கூடக் கூடாமலேயே பி.எம்.ஐ. ஏறிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இளமையில் 158 சென்டிமீட்டர் உயரம் இருந்த ஒரு பெண்மணிக்கு இப்போது வயது 72. எடை 58 கிலோ. இன்று அளந்தால் உயரம் 152 சென்டிமீட்டர். பழைய உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 23.2 வருகிறது, இன்றைய உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 25.1. ஒரே உடம்பு, ஒரே நாள், ஆனால் ஒரு கணக்கில் அவர் இயல்பான எடையுள்ளவர். மற்றொன்றில் அதிக எடையுள்ளவர். கணக்குக்கு இன்றைய உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இளமைக்கால உயரத்தையும் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 4 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், வலியே தெரியாமல் முதுகெலும்பு நொறுங்கியிருக்கவும் கூடும் என்பதால், எலும்புப்புரைக்கான பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. எடையைப் பார்க்கப் போன இடத்தில் எலும்பைப் பற்றிய தகவல் கிடைப்பது இந்த அளவீட்டின் உபரி நன்மை.

அளக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுச் சமதரையில் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். குதிகால்கள் சுவரைத் தொடவேண்டும். பார்வை நேராக இருக்கவேண்டும். கூன் விழுந்தவருக்குத் தலையின் பின்புறம் சுவரில் படாது. அதற்காக அவரை வலிந்து நிமிர்த்த வேண்டாம், இயன்ற அளவு நிமிர்ந்து நின்றால் போதும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக இருக்கும்படி தலையின்மேல் வைத்து, அதன் அடிவிளிம்பைப் பென்சிலால் குறித்து, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளக்கலாம். நிற்கும்போது தடுமாற்றம் இருப்பவருக்கு இன்னொருவர் பக்கத்தில் இருப்பது கட்டாயம்.

நிற்கவே இயலாதவர்களுக்கு முழங்கால் உயரத்தைக் கொண்டு மொத்த உயரத்தை மதிப்பிடும் வழி ஒன்று உண்டு. படுத்த நிலையில் முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் மேற்பரப்பு வரை சென்டிமீட்டரில் அளக்கவேண்டும். பெண்களுக்கு அந்த அளவை 1.83-ஆல் பெருக்கி, 84.88-ஐக் கூட்டி, வயதை 0.24-ஆல் பெருக்கி வந்ததைக் கழிக்கவேண்டும், ஆண்களுக்கு 2.02-ஆல் பெருக்கி, 64.19-ஐக் கூட்டி, வயதை 0.04-ஆல் பெருக்கி வந்ததைக் கழிக்கவேண்டும். முழங்கால் உயரம் 46 சென்டிமீட்டர் உள்ள 80 வயதுப் பெண்மணிக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் வரும். இது அமெரிக்க முதியவர்களின் அளவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் என்பதால், மற்ற இனத்தவருக்கு விடை சில சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம்.

எடை பார்ப்பதில் ஒழுங்குதான் வேண்டும். ஒரே கருவி, கெட்டியான தரை, காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடை. மாதம் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலானோருக்குப் போதும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்னபடி தினமும் பார்க்கவேண்டும். மூன்று நாளைக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது உடம்பில் தேங்கும் நீராக இருக்கலாம் என்பதால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொள்ளவேண்டும். கால் வீக்கமோ வயிற்றில் நீர்க்கோவையோ உள்ளவரின் எடையில் நீரின் பங்கும் சேர்ந்திருப்பதால், அவருடைய பி.எம்.ஐ. இயல்பாகத் தெரிந்தாலும் உள்ளே தசை கரைந்துபோயிருக்கக்கூடும்.

எந்த அளவு முதியவருக்கு உகந்தது

2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 32 ஆய்வுகளில் இடம்பெற்ற 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,98,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இறப்பு அபாயம் மிகக் குறைவாக இருந்தது பி.எம்.ஐ. 24-க்கும் 31-க்கும் இடைப்பட்டவர்களிடம். 23-க்குக் கீழே போகப்போகவும் 33-க்கு மேலே ஏறஏறவும் அபாயம் கூடியது. அதாவது, பொது அட்டவணை ‘அதிக எடை’ என்று எழுதும் பகுதியில் இருக்கும் முதியவருக்கு, அதன் காரணமாகவே ஆயுள் குறையும் என்று சொல்ல இடமில்லை. அட்டவணை ‘இயல்பு’ என்று எழுதும் பகுதியின் கீழ்ப்பாதியில் இருப்பவரையோ கவலையோடு பார்க்கவேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணங்கள் உண்டு. நிமோனியாவோ இடுப்பெலும்பு முறிவோ வந்து சில வாரங்கள் சரியாகச் சாப்பிட முடியாமல் கிடக்கும்போது, உடம்பில் சேமிப்பு உள்ளவர் தாக்குப்பிடிக்கிறார். ஏற்கெனவே மெலிந்தவருக்குக் கரைவதற்குத் தசையைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. எடையைத் தாங்கிப் பழகிய எலும்பு சற்று அடர்த்தியாக இருக்கிறது. கீழே விழுந்தால் இடுப்பைச் சுற்றியுள்ள கொழுப்பு அடியின் வேகத்தைக் குறைக்கிறது. எனினும், இந்த முடிவுகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மெலிந்தவர்களில் பலர் வெளியே தெரியாத நோயால் மெலிந்தவர்களாக இருப்பார்கள். பருமனால் பாதிக்கப்படக்கூடியவர்களில் சிலர் எழுபதை எட்டுமுன்பே இறந்திருப்பார்கள். இந்த இரண்டுமே பருமனை அது உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடக்கூடியவை.

நாடுகளின் பரிந்துரைகளும் ஒன்றுபோல இல்லை. ஜப்பானின் உணவு வழிகாட்டி 65 வயதைக் கடந்தவர்களுக்கு 21.5 முதல் 24.9 வரை இலக்காக வைக்கிறது. இளைஞர்களுக்கு அங்கே கீழ் எல்லை 18.5 என்பதை இதனோடு ஒப்பிட்டால், முதியவருக்குத் தரையைத்தான் உயர்த்தியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஊட்டக்குறைவைக் கண்டறிய 2019-இல் வெளியான பன்னாட்டு வரையறை, 70 வயதைக் கடந்தவருக்கு 22-க்குக் கீழ் இருந்தாலே குறைந்த எடை என்கிறது. ஆசியர்களுக்கு அந்த எல்லை 20. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, நடமாட்டம் நன்றாக உள்ள எழுபது வயதுக்காரர் 23 முதல் 29 வரை எங்கிருந்தாலும் அந்த எண்ணுக்காக மட்டும் அஞ்சவேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத்திணறல், தேய்ந்த முழங்கால் ஆகியவை இருந்தால் கணக்கு மாறும். ஆசிய வழித்தோன்றல்கள் இந்த வரம்பின் மேற்பாதியில் இருந்தால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தவறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நகர்வைக் கவனிப்பது

மேலே பார்த்த அதே பெண்மணிக்கு ஆறு மாதத்தில் எடை 58 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய உயரத்தில் அவருடைய பி.எம்.ஐ. 25.1-லிருந்து 23.8 ஆகிறது. அட்டவணையை மட்டும் பார்ப்பவர், ‘அதிக எடை’ நீங்கி இயல்பு நிலைக்கு வந்துவிட்டார் என்று மகிழ்வார். ஆனால் அவர் உணவைக் குறைக்கவில்லை, புதிதாக உடற்பயிற்சி எதுவும் தொடங்கவில்லை என்றால், இது மகிழ்வதற்குரிய செய்தி அன்று. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைவது, பி.எம்.ஐ. எதுவாக இருந்தாலும், மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறி. அவருக்கு 58 கிலோவில் 5 சதவீதம் 2.9 கிலோ, இழந்திருப்பதோ 3 கிலோ.

காரணத்தைத் தேடும்போது பெரிய நோய்களுக்குப் போகுமுன் வாயைப் பார்ப்பது நல்லது. பொருந்தாத பல்செட்டு, ஆடும் பல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றால் மெல்லத் தேவையில்லாத உணவுக்கு மாறி, அதில் புரதம் இல்லாமல் போய், அதனால் மெலிந்தவர்கள் அநேகம் பேர். துணையை இழந்தபின் தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடப் பிடிக்காமல் போவது, மனச்சோர்வு, சாப்பிட்டோமா என்பதே நினைவில்லாத மறதிநோய், பசியைக் கெடுக்கும் மருந்துகள் ஆகியவையும் அதே வரிசையில் உள்ளவை. அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றை மருத்துவர்தான் சோதித்து விலக்கவேண்டும். எடை தானாகக் குறையும்போது ‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவது, முதுமையில் செய்யக்கூடிய மிக அபாயமான கணிப்பு. வயதால் வரும் எடை இழப்பு மிக மெதுவானது. சில மாதங்களில் உடையெல்லாம் தொளதொளக்கும் அளவுக்கு அது வராது.

எண் காட்டாதவை

முப்பது, நாற்பது வயதுகளிலிருந்தே தசை மெல்லக் குறைந்து, அதன் இடத்தில் கொழுப்பு சேர்கிறது. அந்தக் கொழுப்பும் கை கால்களைவிட வயிற்றுக்குள் அதிகமாகத் தங்குகிறது. எனவே நாற்பது ஆண்டுகளாக ஒரே எடையில் இருப்பதாகப் பெருமைப்படும் ஒருவருக்கும் உடம்பின் உள்ளமைப்பு அடியோடு மாறியிருக்கலாம். தசையும் வலுவும் சேர்ந்து குன்றும் இந்நிலைக்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். எடைக்கருவியால் அதைக் கண்டறிய முடியாது என்பதால், ஒரு துணி அளவுநாடாவையும் ஒரு நாற்காலியையும் துணைக்கு அழைக்கவேண்டும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்ட நிலையில், தோலை அழுத்தாமல் நாடாவைச் சுற்றி வயிற்றின் அளவை எடுக்கலாம். ஆண்களுக்கு 94 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அபாயம் கூடத் தொடங்குகிறது; 102-ஐயும் 88-ஐயும் தாண்டினால் அது மிகுதி. தெற்காசிய ஆண்களுக்கு எல்லை 90 என்று கொள்வது வழக்கம்.

அடுத்து, உட்கார்ந்து பாதங்களைத் தரையில் பதித்த நிலையில், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கவேண்டும். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா பணிக்குழு 2019-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் தசை குறைந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பயன்படாது.

மூன்றாவது சோதனைதான், என்னைக் கேட்டால், மற்ற இரண்டையும்விடப் பேசக்கூடியது. கைப்பிடி இல்லாத, வழக்கமான உயரமுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரவேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். அதே ஆசியக் குழுவின் கணக்கில் 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் இயக்கம் குன்றியிருக்கிறது என்று பொருள். ஐரோப்பிய அளவுகோலில் அந்த எல்லை 15 விநாடி. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் விநாடியை எண்ணவேண்டிய அவசியமே இல்லை, அதுவே விடை. பி.எம்.ஐ. 28-இல் இருந்துகொண்டு பத்து விநாடியில் இதை முடிப்பவரைவிட, 21-இல் இருந்துகொண்டு இருபது விநாடி எடுப்பவர் கவனத்துக்கு முதலில் உரியவர். எடை அதிகம், எழவும் முடியவில்லை என்றால், கொழுப்பு மிகுதியும் தசைக் குறைவும் ஒரே உடம்பில் இருக்கின்றன; இருப்பவற்றில் மோசமான சேர்க்கை அது.

குறைக்கவேண்டியவர்களும் கூட்டவேண்டியவர்களும்

பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டி, அதனால் மூட்டு வலியோ நீரிழிவோ மூச்சுத்திணறலோ நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும்போது எடையைக் குறைப்பதில் பொருள் உண்டு. ஆனால் வெறும் பட்டினியால் குறையும் எடையில் கணிசமான பங்கு தசை. முதியவருக்கு அது திரும்பிவருவது கடினம். 65 வயதைக் கடந்த, உடற்பருமன் உள்ள 160 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு நடை போன்ற பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட, எடை தூக்குதல் போன்ற தசைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் தசையைக் குறைவாக இழந்தார்கள். உடல் இயக்கத்திலும் கூடுதலாக முன்னேறினார்கள். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி இல்லாத எடைக்குறைப்புத் திட்டம் எதையும் முதியவர் தொடங்காமல் இருப்பதே மேல். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே நாளுக்கு இருவேளை செய்வது நல்ல தொடக்கம்.

எடை கூடவேண்டியவருக்கும் அதே பயிற்சிதான், உணவில்தான் வேறுபாடு. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நாளொன்றுக்குப் புரதம் வேண்டும் என்பது வல்லுநர்களின் பரிந்துரை. 58 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 58 முதல் 70 கிராம். இதை ஒரே வேளையில் சேர்க்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் உடம்பு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பசி குறைந்தவர்கள் தட்டில் புரதம் உள்ளதை முதலில் சாப்பிட்டுவிடலாம். சாப்பாட்டுக்குச் சற்று முன்பு வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கலாம். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்து, டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

மருத்துவரிடம் போகும்போது இன்றைய எடையை மட்டும் கொண்டுபோகாமல், கடந்த ஓராண்டின் எடைக் குறிப்புகளையும், இரண்டு உயரங்களையும், வயிறு, கெண்டைக்கால் அளவுகளையும், நாற்காலிச் சோதனைக்கு ஆன விநாடிகளையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சாப்பிட்டுவரும் மருந்துகளின் பட்டியலும் அதோடு இருக்கட்டும்: விரும்பியோ விரும்பாமலோ சில கிலோ எடை குறைந்தபின், பழைய அளவிலேயே தொடரும் சர்க்கரை மருந்தும் இரத்த அழுத்த மருந்தும் சிலருக்கு மயக்கத்தையும் விழுதலையும் உண்டாக்கும் என்பதால், அளவை மாற்றவேண்டுமா என்பதை அப்போதே கேட்டுவிடலாம்.